ஒரு வாய் அவள், ஒரு வாய் அவன்

அன்று மத்தியானம் முசரவாக்கத்து வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மகன் சேகர், வயது முப்பத்து நான்கு. என் மகள் தேவகி. அந்த வீட்டுக்காரி சரோஜா. அவள் புருஷன் ஏழுமலை. வாசலில் ஒரு கறுப்பு நாய். வேறு யாரும் இல்லை. நம் தெரு அம்மனும் அங்கே இருந்தாள் என்று நான் சொன்னால், கிழவன் சேர்த்துச் சொல்கிறான் என்பீர்கள். சந்தேகம் இருந்தால் இவர்களில் யாரையும் கேளுங்கள், நாயைத் தவிர.

நான் ஐந்தாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கியவன். எழுத்தில் தப்பிருந்தால், இதைப் படிக்கப்போகிற நம் கோயில் வெள்ளிக்கிழமை பூஜைக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சேகருக்குப் பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. உடம்பு மட்டும் வளர்ந்தது. பேச்சு நாலைந்து சொல்தான். அவனுக்கு அவன் அம்மா ஊட்டினாள். அவள் போன பிறகு நான் ஊட்டினேன். முதலில் அவனுக்கு, அப்புறம்தான் நமக்கு. சாப்பிடுடா என்று தட்டை வைத்துவிட்டுப் போனால், சோறு காய்கிற வரைக்கும் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆனால் தறியில் அவன் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. நான் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஊடை நூல் சுற்றின என் நாடாவை நான் எறிந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவன் கரை நாடாவை எறிவான். நான் ஒன்று, அவன் ஒன்று. நான் நிறுத்தினால் அவனும் நிறுத்துவான். பேச்சே தேவையில்லை.

கவலைப்படுவது என் சுபாவம். மழை வந்தால் தெருவில் நீட்டின பாவு நூல் நனையுமோ, வராவிட்டால் கிணறு வற்றுமோ என்று கிடப்பவன். எனக்குப் பிறகு இவனுக்கு யார் என்ற கவலை வந்துவிட்டால் சும்மா விடுமா? அம்மன் சந்நிதியில் நின்று பல வருஷம் ஒரே ஒரு வேண்டுதல்தான் வேண்டினேன். 'இவனை எனக்கு முந்தி எடுத்துக்கொள்.' இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் என் நெஞ்சிலேயே அடைப்பு என்றார்கள். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தால் சேகருக்கு யார்? ஒரு காப்பகத்தைப் போய்ப் பார்த்தேன். கம்பிக்கதவுக்குப் பூட்டு. ஒரே கூடத்தில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். பினாயில் வாடை. போன கையோடு திரும்பிவிட்டேன். தேவகியைக் கேட்டேன். அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஒற்றை அறையில் குடியிருக்கிறாள்.

"அவரும் ஷிப்ட்டு, நானும் ஷிப்ட்டு. அண்ணன ரூம்ல வச்சிப் பூட்டிட்டா போவ முடியும் நைனா?" என்று அழுதாள். நான் கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

அவள்தான் பிறகு அலைந்து ஒரு டிரஸ்டைக் கண்டுபிடித்தாள். அவர்கள் இப்படிப்பட்ட வளர்ந்த பிள்ளைகளைக் காப்பகத்தில் அடைப்பதில்லை. பார்த்துக்கொள்ளச் சம்மதிக்கும் ஒரு குடும்பத்தோடு, அந்த வீட்டு ஆளாகத் தங்க வைக்கிறார்கள். குடும்பத்துக்கு மாதாமாதம் செலவுக்குத் தருகிறார்கள். எனக்குப் பிடிக்கவே இல்லை. காசுக்குப் போடுகிற சோறு எத்தனை நாளைக்கு? ஆனாலும் வேறு வழியில்லாமல் முசரவாக்கத்தில் கொண்டுபோய் விட்டேன். அவர்கள் பயிர் வைக்கிற குடும்பம். தறியைக் கண்ணால் பார்த்ததில்லை.

நான் பயந்தபடியே ஆனது. சரோஜா ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். நான் தினமும் பஸ் ஏறி, டிபன் பாக்ஸில் இட்லி கொண்டுபோய் ஊட்டிவிட்டு வந்தேன்.

"தினம் நீங்களே வந்தா அவரு எப்படிப் பழகுவாரு?" என்று டிரஸ்டுப் பெண் கேட்டாள். பழகாவிட்டால் பட்டினி கிடப்பானே, அதற்கு யார் பதில் சொல்வது? ஆபரேஷன் நாள் நெருங்கியது. அம்மனிடம் போய்ச் சண்டை போட்டேன். முந்தி எடுத்துக்கொள் என்றேன், கேட்கவில்லை. சரி, அந்த வீட்டில் அவன் ஒரு வாயாவது சாப்பிடட்டும். உனக்கு ஆயிரத்தொரு ரூபாய். அதுவும் முடியாது என்றால் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறாய்? இப்படியேதான் கேட்டேன். பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பதில் வரவில்லை. ஆபரேஷனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று முடிவு செய்து, அவனைத் திரும்பக் கூட்டிவர தேவகியோடு போனேன். சேகர் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். முன்னால் குழம்புச் சோறு, கை படாமல். சரோஜா அப்போதுதான் நடவு நட்டுவிட்டு, காலில் சேறு காயாமல் வந்தாள்.

"அவன் துணியெல்லாம் எடுத்து வைமா. கூட்டிக்கினு போறேன்."

"போங்கணா, யாரு வேணான்னது? பசி உயிர் போவுது. நாலு வாய் போட்டுக்கினு எடுத்துத் தரேன்." கோபம் அவளுக்கும்தான். தட்டைப் போட்டுக்கொண்டு சேகருக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

அவள் ஒரு வாய் எடுத்துப் போட்டாள். சேகரின் கை தட்டுக்குப் போனது. ஒரு வாய் எடுத்துப் போட்டான்.

ஏதோ தெரியாமல் நடந்தது என்றுதான் நினைத்தேன். அவள் இன்னொரு வாய். அவன் இன்னொரு வாய். வாசலில் இருந்து ஏழுமலை, "மாட்டுக்குத் தண்ணி வச்சியா?" என்று கேட்டார். பதில் சொல்ல அவள் கையை நிறுத்தினாள். அவன் கையும் நின்றது. அவள் எடுத்தாள். அவனும் எடுத்தான்.

தேவகி என் தோளை நகம் பதியப் பிடித்தாள். "நைனா, தறியில ஒக்காந்துக்கினு இருக்கான் பாரு நைனா."

"சரோஜா, நிறுத்தாத, துன்னு," என்றேன்.

"இன்னாணா, மனுஷி துன்றதப் போயி வேடிக்க பாக்கறீங்க?"

"துன்னுமா, உனக்குப் புண்ணியமாப் போவும்!"

அவன் தட்டு காலியாகிற வரைக்கும் நான் அவளை விடவில்லை. "வயிறு வெடிக்குதுணா, அடுத்த வேளைக்கு இந்த மனுஷன ஒக்கார வைங்க," என்றாள். சேகரை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். ராத்திரி சாப்பாட்டுக்கு ஏழுமலை எதிரில் உட்கார்ந்தார். அப்போதும் சாப்பிட்டான் என்று போனில் சொன்னார்கள்.

நான் சந்தோஷப்பட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? பஸ்ஸில் வரும்போது அம்மனைத் திட்டிக்கொண்டே வந்தேன். தறியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நீ எறி, நானும் எறிகிறேன் என்று பிள்ளை தினமும் காட்டிக்கொண்டிருந்தான். அவனோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று ஊட்டின எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. இதை என் வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே தாயே, அவன் அம்மா இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே? அதை விட்டுவிட்டு அன்னிய வீட்டுக்கு அனுப்பி, ஒருத்தியைப் பசியோடு உட்கார வைத்தா சொல்வது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சேகர் முசரவாக்கத்திலேயே இருக்கிறான். ஏழுமலை காலையில் காய்கறி மூட்டையோடு டவுனுக்கு வரும்போது அவனைத் தறிக்குக் கொண்டுவந்து விடுகிறார். மத்தியானம் நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வூட்டுக்கு," என்கிறான். அவன் வீடு இப்போது அது. எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பழைய வேண்டுதலை நான் விட்டுவிட்டேன். எனக்குப் பின்னால் அவன் இருக்கட்டும் என்றுதான் இப்போது வேண்டுகிறேன். பழையதை அம்மன் கேட்காமல் போனதுதான் அவள் செய்த பெரிய உபகாரம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அம்மனை நம்புங்கள். சண்டை போட வேண்டுமானால் போடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். நீங்கள் கேட்டதைக் கேட்டபடி தர மாட்டாள், அவ்வளவுதான். அவள் தருகிற வரை பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.

நேர்ந்த பணத்தில் ஐந்நூறு உண்டியலில் போட்டாயிற்று. என்னை அவள் காக்க வைத்த மாதிரி அவளும் கொஞ்சம் காத்திருக்கட்டும். இந்தப் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துக் கூலி வந்ததும் தந்துவிடுவேன். பாக்கி ஐந்நூற்றொரு ரூபாய்.