முப்பது விநாடித் தீர்ப்பு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கம்பத்திலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். பெயர் சுருளிவேல். திராட்சை விவசாயி. கம்பத்துக்காரர்கள் தேனியில் ஒரு வீட்டுக்கு வந்தால் கையில் திராட்சைப் பை இருக்கும். இவர் வெறுங்கையோடு வந்திருந்தார். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

“மோட்டார் பாட்டுன்னு எழுதுனது நீங்கதான சார்?” என்றார்.

நான்தான். இரண்டு மாதத்துக்கு முன் என் வாரப் பத்தியில், இதே பக்கத்தில் எழுதியது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும்... நினைவில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

போன பொங்கலுக்கு என் மகள் எனக்கு ஒரு பரிசு கொடுத்தாள். மாதச் சந்தா கட்டி இணையத்திலிருந்து பாட்டு இறக்கிக்கொள்ளும் ஒரு சேவை. சிங்கப்பூரில் இருந்தபடி அவளே தன் கார்டில் கட்டிவிடுகிறாள். மாதம் நாற்பது பாட்டு. அந்த மாதத்தில் எடுக்காவிட்டால் போச்சு. அடுத்த மாதத்தோடு சேராது.

நம் சினிமாப் பாட்டெல்லாம் அதில் கிடையாது. கம்பெனி தயவில்லாமல் தனி ஆட்கள் சொந்தமாகப் போட்டவையும், ஊரே மறந்துவிட்ட பழையவையும்தான் இருக்கும். நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஜாஸ் என்ற சொல்லுக்கு வகுப்பில் விளக்கம் சொல்லியிருக்கிறேன் — கேட்டதில்லை. எழுபது வயதில் கேட்டேன். ஆப்பிரிக்கக் கிடார் கேட்டேன். கிராமபோன் காலத்து நாகஸ்வரம் ஒன்றை, கரகரப்போடு, ஒரு வாரம் முழுக்கக் கேட்டேன். எங்கள் தெரு பிராட்பேண்டில் ஒரு பாட்டு இறங்குவதற்குள் காபி குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். அதனாலென்ன... ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

இறக்குவதற்கு முன் எந்தப் பாட்டையும் முப்பது விநாடி சாம்பிள் கேட்கலாம். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. இருப்பது நாற்பது, வீணாக்கலாமா? சாம்பிள் கேட்டுக் கேட்டுத் தள்ளினேன். இது வேண்டாம், இதுவும் வேண்டாம். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும் என் மனைவி சில சமயம் நிமிர்ந்து பார்ப்பாள்.

“அதுக்குள்ள மாத்திட்டீகளா? இப்பத்தான ஆரம்பிச்சாக.”

எனக்கு அது பழக்கம். விடைத்தாள் திருத்தும்போதும் முதல் பக்கத்திலேயே மார்க் மனதில் விழுந்துவிடும். மிச்சப் பக்கங்களைப் புரட்டுவது ஒரு மரியாதைக்கு. எத்தனை பிள்ளைகளுக்கு அப்படிப் போட்டேனோ, தெரியாது.

ஒரு நாள் விளையாட்டாகத் தேடும் இடத்தில் ‘கம்பம்’ என்று அடித்தேன். அதிசயம் — ஒரு ஆல்பம் வந்தது! கம்பத்துக்காரர் ஓர் இளைஞர் போட்டது. முதல் பாட்டை அமுக்கினேன். தோட்டத்து மோட்டார் ஓடும் சத்தம். முப்பது விநாடியும் மோட்டார்தான். விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த வாரமே எழுதினேன்: ‘கம்பத்து இளைஞர் ஒருவர் பம்புசெட்டை ஓடவிட்டு அதைப் பாட்டு என்று உலகத்துக்கு விற்கிறார். மோட்டார் வைத்திருக்கும் விவசாயிகள் எல்லோரும் இனி இசையமைப்பாளர்களே!’

நிறைய வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள்.

அந்த இளைஞர் முரளி. சுருளிவேலின் ஒரே மகன்.

சுருளிவேல் கோபப்படவில்லை. நடந்ததைச் சொன்னார். மகன் சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தபடி சொந்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தானாம். இவருக்கு அது அரை மனது. என் பத்தி வந்த பிறகு திராட்சை எடை போடுகிற இடத்தில், டீக்கடையில், எங்கும் ஒரே கேலி. ‘இன்னைக்கு உங்க மோட்டார் என்ன ராகம்ணே?’ திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்ட ஊருக்கு வந்த மகனை, சென்னையும் வேண்டாம் பாட்டும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

“எதுத்துப் பேசிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும் சார். காலைல கத்திரியத் தூக்கிட்டுப் போறான், பொழுதடைய வாரான். நீங்க படிச்சவுக, சொல்லுங்க. அவன் போட்டதுல ஒண்ணுமே இல்லையா?”

“நீங்க கேட்டீங்களா?”

“கம்ப்யூட்டர நான் என்னத்தக் கண்டேன்? நீங்க கேட்டுட்டுத்தான எழுதிருப்பீக.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். வாய் வரவில்லை. முப்பது விநாடிதான் கேட்டேன் என்றேன்.

“முழுசா எம்புட்டு நேரம்?”

“ஏழு நிமிஷம்.”

என் மனைவி பூண்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே எழுந்து போனாள்.

அவரை உட்காரவைத்து அந்தப் பாட்டை இறக்கினேன். காத்திருக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தப் பத்தியை எழுதிய மாதம் பதினொரு பாட்டை எடுக்காமலே விட்டிருந்தேன். அவ்வளவும் வீண். அதில் ஒன்றை இதற்குக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

பாட்டு ஓடியது. முப்பது விநாடி தாண்டியும் மோட்டார்தான். ஒரு நிமிஷம் போல ஆனதும் சத்தம் இறங்கி, முனகி, நின்றது. பிறகு தூரத்திலிருந்து ஒரு குரல்.

“ஏலே முரளி, கரண்டு போயிருச்சு. இருக்கட்டும், வா, சாப்பிடுவோம்.”

சுருளிவேல் எழுந்து நின்றுவிட்டார். அது அவருடைய குரல்.

அதன் பிறகு ஒரு கிடார். மோட்டார் எந்தச் சுருதியில் ஓடியதோ அதே சுருதியில், மெதுவாக. அதுவரை கேட்டது இரைச்சல் அல்ல, இந்தப் பாட்டுக்குத் தம்பூரா என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“எனக்குத் தெரியாம எப்பப் பிடிச்சான்?” என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

“கவாத்து முடியட்டும். நானே பஸ் ஏத்தி விடுறேன். இனிமே அவன் போவானான்னுதான் தெரியல.”

எனக்கும் தெரியவில்லை. என்னால் முடிந்தது, எழுதியது தப்பு என்று அதே இடத்தில் எழுதுவதுதான். அதை அவரிடம் சொன்னேன். கேட் வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

“எழுதுங்க சார். ஆனா இந்தத் தடவ சிரிக்கிற மாதிரி எழுதாதீக.”

முயன்றிருக்கிறேன்.