உட்கார்ந்து பழக்கிய நாற்காலிகள்

எங்களுக்கென்று தனி நாற்காலி கிடையாது. வீட்டில் கிடப்பதெல்லாம் விற்பனைக்குத்தான். எங்கள் ஊர் கோவில்பத்தில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது பெரிய எரிச்சல். காலையில் உட்கார்ந்து காபி குடித்த நாற்காலி மத்தியானம் வண்டியேறிப் போய்விடும்.

மாமனாரின் அப்பா, பிரெஞ்சு ஆட்சி முடிந்ததும் இங்கிருந்து பிரான்சுக்குக் குடிபோனவர்கள் விட்டுப்போன மேசை, கட்டில்களை வாங்கி விற்றவர். பழையது கிடைப்பது குறைந்ததும் மாமனார் அதே மாதிரி புதிதாகச் செய்ய ஆரம்பித்தார். புதியது என்று சொல்லித்தான் விற்போம், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் தொட்டால் பழையது போல இருக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்குவதெல்லாம் மாமனாருக்கு ஆகாது. செய்த நாற்காலியை வீட்டுக்குள் போட்டு ஆறேழு மாதம் எல்லோரும் உட்கார வேண்டும். பிரம்புப் பின்னல் கொஞ்சம் குழிய வேண்டும், கைப்பிடி உள்ளங்கை பட்டு மின்ன வேண்டும். அப்போது வீடு நிறைய ஆட்கள். சாப்பிடும்போது சண்டை வேறு. ஒரு நாளாவது இந்த வீடு அமைதியாக இருக்காதா என்றிருக்கும் எனக்கு.

மாமனாரும் மாமியாரும் போனார்கள். கொழுந்தன்மார் தனிக்குடித்தனம் போனார்கள். மகள் பிரான்சில் இருக்கிறாள். போன வருடம் என் வீட்டுக்காரரும் தவறிப்போனார். கடையை மூடச் சொன்னார்கள், நான் மூடவில்லை. பாண்டிச்சேரியில் விடுதி நடத்தும் ஒரு பெண் ஆறு நாற்காலி கேட்டாள். நெடுங்காட்டு ஆசாரி செய்து கொடுத்துவிட்டார். உட்காரத்தான் ஆளில்லை.

"கூலிக்கு ஆள் வெச்சு உட்கார வையிம்மா" என்று மகள் போனில் சிரித்தாள்.

"வர்றவன் என்னைப் பைத்தியம்னு சொல்லிட்டுப் போவான்டி."

நானே உட்கார்ந்தேன். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறையும் போட்டு, ஒன்றில் காபி, ஒன்றில் சோறு, சீரியல் பார்க்க இன்னொன்று என்று இடம் மாறிக்கொண்டே இருந்தேன். பேச ஆளில்லாத கடுப்பில் மிக்சியைக்கூடத் திட்டியிருக்கிறேன். தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மகளிடம் இதைச் சொன்னதில்லை.

ஏழு மாதம் கழித்து அந்த விடுதிப் பெண் வேனோடு வந்தாள். ஒவ்வொன்றாகக் கைப்பிடியைத் தடவி, உட்கார்ந்து பார்த்தாள். சன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் உடனே எழுந்துவிட்டாள்.

"அக்கா, இது மட்டும் புதுசா இருக்கே. இதுல யாரும் உட்காரலையா?"

"எல்லாத்துலயும் உட்கார்ந்தேனே" என்று குனிந்து பார்த்தேன். பின்னல் விறைப்பாக இருந்தது. கைப்பிடியில் மினுமினுப்பே இல்லை.

சன்னல் பக்கம் அவருடைய இடம். அங்கேயிருந்து பார்த்தால் கடை வாசல் தெரியும். யாராவது வந்தால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவார். எத்தனை நாற்காலி வந்து போனாலும் அவர் அந்த இடத்தை மாற்றியதில்லை. இத்தனை மாதத்தில் நான் ஒருமுறைகூட அங்கே உட்காரவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, எனக்கே தெரியவில்லை. முன்பின் பழகாத அந்தப் பெண் முன்னால் அழுதுவிட்டேன்.

"பரவாயில்லக்கா. மத்த அஞ்சை இப்ப எடுத்துக்கிறேன். இதைப் பழக்கிட்டு அப்புறமா அனுப்புங்க."

"அனுப்புறேன்மா" என்றேன்.

வேன் போன பிறகு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் உட்கார அந்த ஒரு நாற்காலிதான் இருந்தது. மேசையோரம் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.