முப்பிடாதி தள்ளிப்போட்ட தேதி

ஐந்தருவி போகிற ரோட்டில் என் துண்டுக் கடைக்கும் அவர்களுடைய நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு தகரம்தான். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கமிருந்து முப்பிடாதி, "யக்கா, மெதுவா. வந்த யேவாரம் ஓடிரப் போவுது" என்பாள். ராயகிரியிலிருந்து சந்தோஷ்குமாரைக் கட்டிக்கொண்டு வந்தவள். வந்த வருஷமே வாணலிக்கு மேலே சீவுகட்டையைப் பிடித்து வாழைக்காயை நேராக எண்ணெயில் சீவப் பழகிவிட்டாள். அவள் மாமியார் பிச்சம்மாளுக்கே அந்த வேகம் கிடையாது. சீசன் கூட்டத்தில் அருவியில் நனைந்த தலையோடு வந்து பேரம் பேசுகிறவர்களைச் சிரித்துப் பேசியே வாங்க வைத்துவிடுவாள். யாரிடமும் கோபப்படத் தெரியாது. அவளுக்கும் சேர்த்து நான் படுவேன்.

ஆறு வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. மாதவிலக்கு நினைத்தால் வரும், நினைத்தால் இரண்டு மாதம் வராது. போகிறவன் வருகிறவன் எல்லாம் "விசேஷம் உண்டா?" என்று கேட்பான். சிப்ஸ் வாங்க வந்தவனுக்கு இவள் வயிற்றில் என்ன வேலை என்று நான் தகரத்துக்கு இந்தப் பக்கமிருந்து கத்தியிருக்கிறேன். எங்கள் சபையில் மட்டும் என்ன வாழ்கிறது? பிள்ளையில்லாதவளை ஜெபக்கூட்டத்தின் நடுவில் முழங்கால் போட வைத்து, எல்லோரும் அவள் தலையில் கைவைத்து அழுவார்கள். அழுது முடித்ததும் வெளியே வந்து, அவளுக்கா குறை, அவனுக்கா குறை என்று பேசுவார்கள்.

பிச்சம்மாளைக் கொடுமைக்காரி என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். மருமகளுக்கு இடுப்பு பலப்பட வேண்டும் என்று கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டி, தன் கையால் உருட்டிக் கொடுக்கிறவள். தென்காசியில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் சினைப்பை நீர்க்கட்டிக்கு ஆராய்ச்சி நடக்கிறது, சோதனையும் மருந்தும் அவர்களே கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மருமகளைக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான். சந்தோஷ்குமாருக்கு முதலில் மனசில்லை. பெண்டாட்டியை எலி மாதிரி சோதித்துப் பார்ப்பார்கள் என்று பயந்தான்.

அங்கே டாக்டர் ஷெர்லின் என்று ஒரு அம்மா. பொறுமையாகப் பேசுகிறவர் என்று முப்பிடாதி வந்து சொன்னாள். குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்துப் பார்த்ததில் வலது பக்கக் கருக்குழாய் அடைத்திருந்தது. இடது பக்கம் நன்றாக இருந்தது. அந்த ஒன்று போதும், பிள்ளை பிறக்க வழி இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். கருமுட்டை வளர மாத்திரை கொடுப்பார்கள். பாதிப் பேருக்கு அதோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்து, எது நன்றாக வேலை செய்கிறது என்று பார்ப்பார்கள். முப்பிடாதிக்கு இரண்டும் கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் என் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "ஒரு பக்கம் இருக்காம்க்கா. ஒரு வழி இருந்தா போதாதா, புளியறை செக்போஸ்ட்ல அவ்வளவு லாரியும் ஒரு வழியாத்தான போவுது" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாதம் தவறாமல் ஜாய் என்கிற நர்ஸ் போன் செய்து தேதி கேட்பாள். வந்துவிட்டதா, எப்போது வந்தது, வரவில்லை என்றால் உடனே வா, சிறுநீர் சோதிக்க வேண்டும். அந்த ஆராய்ச்சி முழுவதும் அந்தத் தேதியை நம்பித்தான் நடந்தது. வேறு மருந்து எதுவும் எங்களைக் கேட்காமல் சாப்பிடாதே என்றும் சொல்லியிருந்தார்கள். சர்க்கரைக்குச் சாப்பிடுகிறாயா, தைராய்டுக்குச் சாப்பிடுகிறாயா, கருத்தடைக்குச் சாப்பிடுகிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஆடி பிறந்தால் எங்கள் பக்கத்து மெடிக்கல்களில் எந்த மாத்திரை அதிகம் விற்கும் என்று யாரும் கேட்கவில்லை. படித்தவர்களுக்கு அது தெரியாதா, இல்லை கேட்கக் கூச்சமா? இன்றைக்கும் எனக்கு அந்த எரிச்சல் அடங்கவில்லை.

அந்த வருஷம் ஆடியில் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்க்கிற பொறுப்பைப் பிச்சம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். மருமகள் வயிற்றில் ஒரு பூச்சி புழு உண்டாக வேண்டும் என்கிற நேர்ச்சைதான். கொடைக்குக் கால் நாட்டிய அன்றே வீட்டின் இருட்டு அறையில் மண்சட்டிகளில் பயறு விதைத்துவிட்டார்கள். முளைப்பாரி இருக்கிற வீட்டில் எந்தப் பெண்ணும் தூரமாகக் கூடாது, தீட்டுப்பட்டால் பயிர் வாடும் என்பார்கள். பயிர் மஞ்சளித்துச் சாய்ந்தால் தெருவே அந்த வீட்டுப் பெண்களைத்தான் பார்க்கும். ஆஸ்பத்திரி மருந்தில் மாதம் ஒழுங்காகியிருந்த முப்பிடாதிக்குத் தேதி சரியாகக் கொடை நாட்களில் வந்து விழுந்தது. பிச்சம்மாள் மெடிக்கலில் தள்ளிப்போடுகிற மாத்திரையை வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டாள்.

கடையில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் அதை விழுங்குவதைப் பார்த்தேன். என்ன மாத்திரை என்று கேட்டேன், சொன்னாள். ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டாயா, அந்த ஜாய்க்கு ஒரு போன் போடு என்றேன். என்னைப் பார்த்து அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"இது மருந்தாக்கா? கொடைக்குப் போடுததுலா. நம்ம தெருவுல எல்லாவளுந்தான் போடுதா."

நான் விடாமல் சொன்னதற்கு, வேதக்காரிக்குக் கொடை விஷயம் புரியாது என்று தட்டிக் கழித்தாள். எரிச்சலோடு எழுந்து போய்த் துண்டுகளை மடிக்க ஆரம்பித்தேன். எல்லோரும் போடுகிறதுதான். அதனால்தான் அது மாத்திரைக் கணக்கிலேயே வரவில்லை.

தேதி வந்தது, போனது. அவளுக்கு ஒன்றும் வரவில்லை. வராதுதானே, அதற்காகத்தானே மாத்திரை? பயறு வெள்ளையும் பச்சையுமாக நிமிர்ந்து வளர்ந்தது. பிச்சம்மாள் அந்த அறையை மூன்று வேளையும் எட்டிப் பார்த்துப் பூரித்துப்போனாள். முப்பிடாதிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை, எண்ணெய் வாடைக்குக் குமட்டியது. தள்ளிப்போடுகிறது சூட்டு மாத்திரை, அப்படித்தான் இருக்கும் என்று தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். வயிற்றில் இடது பக்கம் லேசாகப் பிடித்து இழுக்கிறது என்று அவள் சொன்னபோது, விரதத்தில் பட்டினி கிடந்த வாய்வு என்றார்கள்.

முளைப்பாரி எடுக்கிற அன்று காலையில் அவளுக்குத் துளிக் கறை பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. தெருவே மேளத்தோடு வாசலில் நிற்கிறது, தலையில் சும்மாடு வைத்துக் காத்திருக்கிறாள், அந்த நேரத்தில் எப்படிச் சொல்லுவாள்? ஒரு மாத்திரைக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். ஊர்வலத்தில் நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. பயத்தில் வெளுத்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. சட்டி கையிலிருந்து நழுவிவிட்டால், அம்மன் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று ஆகிவிடுமே என்று அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஆற்றுவரை நடந்திருக்கிறாள், பாவி மகள்.

கொடை முடிந்து மாத்திரையை நிறுத்திய பிறகும் கறை விட்டுவிட்டுப் பட்டது. தள்ளிப்போட்டது இப்போது வருகிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அவள் உட்பட. ஜாய் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "வந்துட்டு சிஸ்டர்" என்றாள். அந்த மாதமும் பலிக்கவில்லை என்று அந்தப் பக்கம் எழுதிக்கொண்டார்கள். போனை வைத்துவிட்டு, இந்த ஆஸ்பத்திரி மாத்திரையும் நமக்குப் பலிக்காது போலிருக்கிறது என்று சொல்லி உதட்டைக் கடித்தாள்.

அப்புறம் தோள்பட்டை வலி. முளைப்பாரிச் சட்டியைத் தூக்கினதில் சுளுக்கு என்று பிச்சம்மாள் தைலம் தேய்த்துவிட்டாள். ஒரு நாள் மத்தியானம், வாணலியில் காய் வேகிற சத்தம் கேட்டது, கரண்டி புரட்டுகிற சத்தம் கேட்கவில்லை. காய் கருகுகிற நெடி வந்ததும் தகரத்தைச் சுற்றி ஓடினேன். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தாள். நல்ல வேளை எண்ணெய்ப் பக்கம் விழவில்லை. உடம்பு சில்லென்று இருந்தது. சந்தோஷ்குமார் தேங்காயெண்ணெய் டின் வாங்கப் போயிருந்தான். நானும் பிச்சம்மாளும் ஒரு ஆட்டோவை மறித்து, அவளை மடியில் கிடத்திக்கொண்டு தென்காசிக்குப் போனோம்.

சிறுநீரைச் சோதித்ததும் அங்கிருந்தவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். கரு உண்டாகியிருந்தது. கர்ப்பப்பைக்குப் போய்ச் சேராமல் இடது குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்து, வயிறு நிறைய ரத்தம் கட்டியிருந்தது. தோள்பட்டை வலி அந்த ரத்தத்தால் வந்ததாம். ஆறு வருஷமாகக் காத்திருந்தவளுக்கு, நீ கர்ப்பமாக இருக்கிறாய் என்பதையும் குழாயோடு வெட்டி எடுக்க வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். அரை மயக்கத்தில் எவ்வளவு அவள் காதில் விழுந்ததோ. எப்போதிருந்து ரத்தம் படுகிறது என்று டாக்டர் ஷெர்லின் குனிந்து கேட்டார். முளைப்பாரி எடுத்த அன்றைக்கே என்றாள். பக்கத்தில் நின்ற பிச்சம்மாளின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

உயிர் பிழைத்துவிட்டாள். குழாய் போய்விட்டது. டாக்டர் வெளியே வந்து எங்களை உட்கார வைத்துச் சொன்னார். தேதி தள்ளிப்போன உடனே வந்திருந்தால் இதைச் சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்திருக்கலாம், ஊசி போட்டுக் கரைத்து அந்தக் குழாயைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருந்தது, இனி வெளியே கருவாக்கி வைக்கிற முறைதான் வழி என்றார். தள்ளிப்போடும் மாத்திரையைப் பற்றி அன்றைக்கு நான் சொல்லித்தான் அவருக்கே தெரியும். சிப்ஸ் கடைக்காரனுக்கு அந்த வழி எட்டாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சந்தோஷ்குமார் ஓடி வந்து, கையில் அகப்பட்ட ஜாயைப் பிடித்துக் கத்தினான். நீங்கள் கொடுத்த ஆராய்ச்சி மாத்திரைதான் என் பெண்டாட்டியைக் கொல்லப் பார்த்தது, முதலிலேயே எனக்கு இஷ்டமில்லை, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டோம் என்றான். அந்த நர்ஸ் பிள்ளை அழுதுகொண்டு நின்றது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி, அந்த மருந்து பலித்ததடா! உன் வீட்டில் யாருக்கும் தெரியாமல் பலித்தது. தள்ளிப்போடும் மாத்திரையை ஒருவரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது கொடைக்கு உள்ளது.

மறுநாள் அவளைப் பார்க்கப் போனேன். கையில் ஊசியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். நான் ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன், வாங்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"யக்கா, அப்போ எனக்கு வந்தே இருக்காதுல்லா? மாத்திரையே போடாட்டாலும் கொடைக்கு வந்திருக்காதுல்லா?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "ஆமாட்டி" என்றேன்.

தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியதைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

பிச்சம்மாள் மாடிப்படிக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தாள். விடக்கூடாது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மருமகள் கர்ப்பமாக இருந்ததால் கொடைக்கு அவளுக்கு வந்தே இருக்காது, மாத்திரை போட்டதால்தான் தேதி தள்ளியது யாருக்கும் தெரியாமல் போயிற்று, தெரிந்திருந்தால் அந்த ஒரு குழாயாவது மிஞ்சியிருக்கும் என்று ஒவ்வொன்றாக உடைத்துச் சொன்னேன். எதிர்த்துப் பேசாமல் முழுவதையும் கேட்டாள். கண்ணீர் வடிந்தது. உறைத்துவிட்டது, இந்தத் தெருவில் ஒருத்திக்காவது உறைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"அப்படின்னா சுகிர்தம், முளைப்பாரி அன்னைக்கு அவளுக்குப் பட்டது தீட்டு இல்லல்லா?"

நான் பேசாததை அவள் ஆமென்று எடுத்துக்கொண்டாள். பெருமூச்சு விட்டு, கோயில் இருக்கிற திசையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள்.