மின்கோவின் இடது ஓரம்

டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள ரூசே நகரில் மின்கோவைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் படத்தில் ஒரு தடவையாவது விழாதவர்கள் அதைவிடக் குறைவு. கப்பல் பட்டறையில் முப்பத்தோரு வருடம் கடைசல் வேலை. ஓய்வு பெற்ற மறுநாளே பழைய ரஷ்யக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அதன் பிறகு வீடு அவருக்குச் சாப்பிடவும் தூங்கவும்தான்.

சின்ன வயதில் உண்டிவில் கல் பட்டு இடது கண் போய்விட்டது. அதைப் பற்றி வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "மத்தவன் ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் படம் எடுக்கணும். எனக்கு அந்த வேலை மிச்சம்" என்பார்.

மார்ச்சில், வசந்தத்தை வரவேற்க மணிக்கட்டுகளில் கட்டிய சிவப்பு வெள்ளைக் கயிறுகள். ஜூனில் லிண்டன் மரம் பூத்து உதிர, அடியில் வாய் பிளந்து தூங்குகிறவர்கள். செப்டம்பரில் குடைமிளகாய் சுடும் புகை. குளிர்காலத்தில் டான்யூப்பிலிருந்து ஏறி வரும் மூடுபனி, அதில் இடுப்புவரை காணாமல் போன மனிதர்கள். எடுத்ததெல்லாம் அதே பத்துத் தெருக்களில். சட்டம் ஒன்றே ஒன்று: படத்தின் நான்கு ஓரமும் சுத்தமாக இருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களையும் அதட்டுவார். "ஓரத்துல அரை ஆளா நிக்காதேப்பா. முழுசா உள்ள வா, இல்லேன்னா வெளிய போ."

ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் பிரதிகளையும் நெகட்டிவையும் உறையில் போட்டு மகள் வெனெதாவிடம் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று அவள் வாங்கி மேசை இழுப்பறையில் வைப்பாள். கடைசி இரண்டு வருடத்தில் எட்டு உறைகள். ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

மார்ச் முதல் வாரம், மத்தியானம். மின்கோ நடைபாதையிலிருந்து இறங்கினார். அங்கே இறங்குகிறவருக்கு வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். வந்தது டிராலி பஸ், மேலே போகும் மின்கம்பியைப் பிடித்து ஓடும், சத்தமே இல்லாத வண்டி. ஓட்டியது பக்கத்துக் கட்டிடத்து ஸ்லாவ்கா. இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு புறாவைக்கூட இடித்ததில்லை. மின்கோ அந்த இடத்திலேயே இறந்தார். அவர் முகத்தை என் பக்கம் பாதி திருப்பினார், பார்த்துவிட்டார் என்று நினைத்தேன், அப்புறம் இறங்கிவிட்டார் என்று போலீசில் சொன்னாள். யாரும் நம்பவில்லை. பார்த்தவர் எதற்கு இறங்குவார்?

வெனெதா கண் மருத்துவமனையில் பார்வைப் பரப்பை அளக்கும் கருவியை இயக்குபவள். நோயாளி ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் பார்த்தபடி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். தெரியாத இடங்கள் தாளில் கறுப்பாக விழும். அப்பாவின் பார்வையைப் பற்றி அவளிடமே போலீசார் எழுதி வாங்கினார்கள். "வலது கண்ணில் குறையில்லை. நானே பரிசோதித்தேன்." அந்தப் பரிசோதனை நடந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதை அவள் எழுதவில்லை. அன்றைக்கு அவளுக்கு யாராவது ஒருவர் தப்பு செய்தவராக இருக்க வேண்டியிருந்தது.

இனி ஓட்டக் கூடாதென்று ஸ்லாவ்காவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். வழக்கு விசாரணைக்கு அக்டோபரில் தேதி கொடுத்தார்கள்.

செப்டம்பரில், ஊர் வழக்கப்படி, அவர் இறந்த ஆறாம் மாத அறிவிப்பு ஒட்ட வேண்டும். வாசல் கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும், இறந்தவர் படத்தோடு. ஊரையே எடுத்தவருக்குச் சொந்தமாக நல்ல படம் ஒன்று இல்லை. கடைக் கண்ணாடி எதிலாவது விழுந்திருப்பாரா என்று வெனெதா உறைகளைப் பிரித்தாள்.

முதல் உறையில் ஓரங்கள் சுத்தமாக இருந்தன. மூன்றாவதில் இடது ஓரத்தில் ஒரு குப்பைத்தொட்டி. நான்காவதில் பாதித் தள்ளுவண்டி, கொட்டாவி விடும் அரை முகம். படங்களைப் பருவவாரியாகத் தரையில் எட்டு வரிசையாக அடுக்கினாள். வேண்டாதவை எல்லாம் இடப்பக்கத்திலிருந்தே வந்தன. ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வந்தன. எட்டாவது வரிசையில், மூடுபனியில் புறாக்களுக்கு ரொட்டி பிய்த்துப் போடும் கிழவி வலப்பக்கம். இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு டிராலி பஸ். படத்தில் மூன்றில் ஒரு பங்கு.

அவர் அதைப் பார்க்கவில்லை. வலது கண்ணிலும் இடப்பக்கப் பார்வை தேய்ந்துகொண்டே போயிருந்தது. கண் அழுத்த நோய் வலிக்காது. விட்டுப்போன இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும், கறுப்பாகக்கூடத் தெரியாது. நோயாளிகளுக்கு அவள் தினமும் பத்துத் தடவை சொல்கிற விஷயம்.

அளவுகோலை எடுத்து, வேண்டாதவை எத்தனை மில்லிமீட்டர் உள்ளே வந்திருக்கின்றன என்று அளந்தாள். எட்டுப் பருவத்துக்கும் அப்பாவின் பார்வைப் பரப்பை எட்டு வரைபடமாகப் போட்டாள். காலையில் அவற்றை எடுத்துக்கொண்டு ஸ்லாவ்கா வீட்டுக்குப் போனாள்.

ஸ்லாவ்கா பால்கனியில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. வெனெதா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், பரிசோதனைத் தேதி உட்பட. ஸ்லாவ்கா ஒரு மிளகாயைத் திருப்பிவிட்டுக் கேட்டாள்.

"அப்போ அவர் என்னைப் பார்க்கல."

"பார்க்கல அக்கா. அந்தப் பக்கமே அவருக்குக் கிடையாது."

"ஆறு மாசமா நான் கண்ணை மூடினா அந்த மூஞ்சிதான் திரும்புது. உனக்கு ஒரு உறையைப் பிரிக்க நேரமில்லே."

ஸ்லாவ்கா தோல் கருகிய மிளகாய்களைப் பாத்திரத்தில் போட்டு மூடினாள்.

"என்கிட்ட எதுக்குக் காட்டுறே? கொடுக்க வேண்டிய இடத்துல கொடு. நான் ஒண்ணும் அழுது உன்னைக் கட்டிப்பிடிக்கப் போறதில்லே."

விசாரணை அதிகாரி இளைஞர், மரியாதையானவர். பழைய வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றால் மருத்துவமனைக்குத் தகவல் போகும், வேலைக்கே ஆபத்து வரலாம் என்று இரண்டு தடவை எச்சரித்தார். தெரியும் என்றாள். புதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள். அவர் வரைபடங்களை வாங்கினார். பிறகு உறைகளுக்குக் கை நீட்டினார்.

"படமும் வேணும். நெகட்டிவும் சேர்த்து. அதுதானே ஆதாரம்?"

"எப்ப திருப்பித் தருவீங்க?"

"வழக்கு முடியணும். மேல்முறையீடு வந்தா இன்னும் ரெண்டு மூணு வருஷம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

எட்டு உறைகளுக்கும் எண் போட்டு, கட்டி, முத்திரை வைத்தார். ரசீது கொடுத்தார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். குப்பைத்தொட்டி, தள்ளுவண்டி, அரை முகங்கள், எத்தனை மில்லிமீட்டர் என்பதுவரை துல்லியமாக வந்தன. அப்பா எடுக்க நினைத்தது வலப்பக்கத்தில் இருந்தது. அங்கே யார் யார் நின்றார்கள் என்று யோசித்தாள். புறாக்காரக் கிழவியைத் தவிர ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.