கார்த்திகேசுவின் துடுப்பு முறிந்த நாள்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் மேல்மாடியில் குடியிருந்த, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசுவுக்கு, ஊர் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் தன் கயாக்கைக் கொடுத்துவிட்டுப் போனார். ஓராள் உட்காரும் படகு. துடுப்பு மட்டும் இல்லை. தன் கையாலேயே செய்துவிட வேண்டுமென்று கார்த்திகேசுவுக்குப் பிடிவாதம். மெரந்திப் பலகை வாங்கி மூன்று மாதம் செதுக்கினார். கனமாக இருக்கிறதென்று காம்பை இழைத்துக்கொண்டே போனார்.

"போதும், விடுங்கோ. அப்பளக் குழவியாக்கப் போறியளோ?" என்றாள் மனைவி மீனலோசனி.

எழுபத்தொன்று ஜனவரியில் வெள்ளம் வந்தது. பின்சந்தில் தனியாக இருந்து துணி துவைத்துக் கொடுத்துப் பிழைத்த வள்ளியம்மாவின் அலறல் மாடிவரை கேட்டது. கார்த்திகேசு கயாக்கை இறக்கினார்.

சந்து முனையில் நீர் சுழற்றி இழுத்தது. அவர் துடுப்பைப் பலமாக வலித்தார். காம்பு நடுவில் மளுக்கென்று முறிந்தது. ஒரு பாதி போயே போய்விட்டது. மறுபாதியை வைத்துக்கொண்டு அந்த இழுப்போடு மல்லுக்கட்ட முடியவில்லை. வெள்ளமே அவரை வள்ளியம்மாவின் ஜன்னலில் கொண்டுபோய் மோதியது. கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அவள் கட்டில்மேல் இடுப்பளவு நீரில் நின்றாள்.

"கிராணி ஐயா! கதவு தொறக்க மாட்டேங்குது! யாரையாச்சும் கூட்டியாங்க!"

"எப்பிடிப் போறது வள்ளியம்மா? துடுப்பு முறிஞ்சு போச்சு."

"அப்ப இங்கயே இருங்க. போயிடாதீங்க."

"போகமாட்டன்."

ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார்; அசையவில்லை. தொண்டை கட்டும்வரை கத்தினார், யாரும் வரவில்லை. நீர் அவள் நெஞ்சுக்கு ஏறியது.

"ஏதாச்சும் பேசுங்கய்யா, பயமா இருக்கு."

என்ன பேசுவது? துடுப்பு செதுக்கிய கதைதான் வாயில் வந்தது. உளி பிடித்தது, உப்புத்தாள் தேய்த்தது எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. அவள் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ராணுவப் படகு வந்தது. சிப்பாய்கள் தகரக் கூரையைப் பிரித்து அவளைத் தூக்கினார்கள்.

அதன்பிறகு பாசாரில் காய்கறி வாங்கும்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் வள்ளியம்மா சொன்னாள்: "கிராணி ஐயாதான் காப்பாத்துனாரு."

"நான் ஒண்டும் செய்யேல்லை," என்றார் கார்த்திகேசு.

"அவரு அப்படித்தான் சொல்வாரு லா!"

மறுத்து மறுத்து அலுத்துப்போனார். பின்னாளில் அவள் அந்தப் பேச்சை எடுத்தாலே, செருப்பு வாரைச் சரிசெய்கிறவர்போலக் குனிந்துகொள்வார்.