தானாக இறங்கும் வாளி

என் மெசின் எப்போதும் குளக்கட்டின் சரிவில்தான் நிற்கும். மூக்கு கீழே பார்த்தபடி. சக்கரத்துக்கு அடியில் ஒரு கல். கல்லை இழுத்தால் உருளும். உருளும்போது கியரைப் போட்டால் பிடித்துக்கொள்ளும். பற்றரி இல்லை. வாவிக்கு மேற்கே பற்றரி கொண்டுவர இராணுவம் விடாத சண்டைக் காலம் அது.

சின்ன உழவு இயந்திரம். பழையது. ஒரு காலத்தில் நீல நிறம். முன்னால் மண் அள்ளுகிற வாளி, இரண்டு இரும்புக் கைகளில் பூட்டியது. மணல் ஏற்றித் தொழில் செய்த ஒருவர், சண்டை தொடங்கி ஊரை விட்டுப் போகும்போது எனக்குத் தந்துவிட்டுப் போனார்.

"வெச்சிரு மனே. சும்மா கிடந்து துருப்பிடிக்கிறத்துக்கு உன்னட்ட கிடக்கட்டும்" என்றார்.

வைத்துக்கொண்டேன். டீசலை மனைவியின் பழைய சேலைத் துணியில் வடித்துத்தான் ஊற்றுவேன். வடிக்காவிட்டால் இருமும். வெயிலில் தண்ணீர் கேட்கும். மழையில் ஒன்றும் கேட்காது.

வாளியைத் தூக்கும் குழாயில்தான் குறை. உள்ளே இருந்த ரப்பர் வாசர் தேய்ந்துபோனது. புதியது கிடைக்காது. எருமைத் தோலை எண்ணெயில் ஊறவைத்து, வட்டமாக வெட்டிப் போட்டேன். தூக்கியது. ஆனால் தூக்கிய இடத்தில் நிற்கவில்லை. தானாக இறங்கும். மிக மெதுவாக. பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. வாவிப் பக்கம் கொஞ்சம் பார்த்துவிட்டுத் திரும்பினால் இறங்கியிருக்கும். இருந்தபடி நித்திரை கொள்கிறவனின் தலை போல.

பின்னேரங்களில் குளக்கட்டில் குந்தியிருந்து அதைப் பார்ப்பேன். அக்கரையில் எங்கோ வெடிச்சத்தம் கேட்கும். கொக்குகள் எழும்பும். திரும்ப வந்து குந்தும். வாளி இறங்கிக்கொண்டிருக்கும்.

அந்தத் தோல் மாமியின் எருமையுடையது. மாமி என்றால் மனைவியின் தாய். எருமை வளர்த்துத் தயிர் விற்கிறவர். நாங்கள் செய்த வயலும் அவருடைய தாய்வழிக் காணி. மெசின் வந்ததில் அவருக்கு விருப்பமில்லை.

"என்ட எருமை செத்தும் உனக்குத்தான் வேலை செய்யுதுகா மருமகன்" என்பார். நான் ஓம் என்பேன்.

ஒரு வருடம் விளைந்த நெல்லை வெட்டாமல் விட்டுவிட்டு ஓடினோம். காட்டோரத்தில் இருந்தோம். திரும்பி வந்தபோது வயலில் மாடுகள் நின்றன. அடுத்த போகத்துக்கு விதைநெல் இரவல் வாங்கி விதைத்தோம். அது விளைந்தது. வட்டை, அந்த வயல்வெளி முழுவதும் மஞ்சள். வெட்டிக் கட்டாக்கி, களத்தின் ஓரத்தில் போராகக் குவித்து வைத்தோம். அதைத்தான் சூடு என்போம். வீட்டில் அரிசிப் பானை அடி தெரிந்தது. அந்தச் சூடுதான் எங்கள் வருடம். சோறும் அதுதான், அடுத்த விதையும் அதுதான்.

பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. மறுநாள் கட்டுகளுக்கு நடுவே கையை விட்டேன். உள்ளே வெப்பமாக இருந்தது. இன்னொரு மழையில் நனைந்தால் முளைத்துவிடும். அன்றைக்கே மிதிக்க வேண்டும். இருட்டினால் முடியாது. வயலில் விளக்குத் தெரிந்தால் சுடுவார்கள்.

டீசல் கொஞ்சம்தான் இருந்தது. போதும் என்று நினைத்தோம்.

விடிந்ததும் கல்லை இழுத்தேன். மெசின் பிடித்தது. களத்துக்கு ஓட்டி வந்தேன். வாளியால் கட்டுகளைத் தூக்கி வந்து போட, மனைவியின் தம்பி, என் மச்சான், அவிழ்த்துப் பரப்பினான். அதன்மேல் நான் வட்டமாக ஓட்டினேன். சக்கரம் மிதிக்க நெல் கழன்றது. சுற்றினேன். வாவி வந்தது, பனைகள் வந்தன, குளக்கட்டு வந்தது, மறுபடி வாவி வந்தது. கொஞ்ச நேரத்தில் நான் நிற்கிறேன், ஊர்தான் சுற்றுகிறது என்று தோன்றியது. வைக்கோல் தூசி வெயிலில் பொன்னாகத் தொங்கியது. எங்கே இருக்கிறோம், என்ன காலம் என்பதெல்லாம் மறந்துபோனது.

எங்கள் பக்கத்தில் களத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. களத்துக்குள் நிற்கும்போது 'இல்லை' என்று சொல்லக் கூடாது. 'முடிந்தது' என்று சொல்லக் கூடாது. சொன்னால் பூதம் கேட்டுவிட்டு நெல்லை அள்ளிக்கொண்டு போகும் என்பார்கள். பெருகட்டும் என்ற பொருளில் 'பொலி' என்று மட்டும் சத்தம் போடலாம். அதனால் களத்தில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். எனக்கு அது வசதி.

சூட்டில் கடைசிக் கட்டுகளை அள்ளி வாளியை உயரத் தூக்கிக்கொண்டு களத்து நடுவுக்கு வந்தேன். கிழக்கே வாவிக்கு மேல் மேகம் கறுத்திருந்தது. மச்சான் டீசல் தாங்கியின் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தான்.

"மச்சான்! டீசல் முடியப் போகுது!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்தினான். களத்தில் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். மெசின் ஒருமுறை இருமியது. பிறகு நின்றது.

சமதரையில் நின்ற மெசினைத் தள்ளி எழுப்ப முடியாது. தள்ளினாலும் குடிக்க ஒன்றும் கிடையாது. டீசல் பாதையில்தான் வரவேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையை. அது அன்றைக்கு ஓடவில்லை.

"பூதத்துக்கு வெத்திலை வெச்சு அழைச்சிருக்கான்" என்றார் உதவிக்கு வந்திருந்த பக்கத்து வயல்காரர்.

"நான் பாத்ததைத்தானேகா சொன்னன்" என்றான் மச்சான்.

"அடுத்த முறை கண்ணை வீட்ட வெச்சிட்டு வா."

நான் இறங்கவில்லை. கையை ஸ்டியரிங் சக்கரத்தில் வைத்தபடி இருந்தேன். பரப்பிய கதிர் பாதி மிதிபட்டுக் கிடந்தது. மேகம் பெரிதாகிக்கொண்டு வந்தது. சத்தம் நின்றதும் தவளைகள் கேட்டன.

வரம்பில் மாமி வருவது தெரிந்தது. அவருக்குப் பின்னால் எருமைகள். ஒன்றன் பின் ஒன்றாக, அவசரமில்லாமல். களத்து ஓரத்தில் செருப்பைக் கழற்றினார்.

"உன்ட மெசினுக்குப் பசிக்குதாக்கும் மருமகன்?"

"ஓம் மாமி."

"அப்ப அது நிக்கட்டும். இதுகளைக் கட்ட ஒரு கம்பம் வேணும்தானே."

எருமைகளை வரிசையாகப் பிணைத்து, கயிற்றை மெசினின் பின்பக்கக் கொளுக்கியில் கட்டினோம். அவை மெசினைச் சுற்றி நடந்தன. நான் இருக்கையிலேயே இருந்து, கயிறு சுற்றிக்கொள்ளாமல் தூக்கித் தூக்கி விட்டேன். இப்போது நான் உண்மையாகவே நிற்கிறேன், எருமைகள் சுற்றுகின்றன. கறுத்த முதுகுகள். குளம்பின் மெத்தென்ற சத்தம். மச்சான் பின்னால் நடந்து 'பொலி, பொலி' என்றான். வேறொரு சொல்லும் சொல்லவில்லை. காற்றில் மழை வாசம் வந்தது. எருமைகளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

கடைசிக் கட்டுகள் வாளியிலேயே இருந்தன. அதைப் பற்றி நான் மறந்துவிட்டேன். மிதித்த வைக்கோலை உதறி எடுத்து, கட்டுகளை இறக்க நிமிர்ந்தபோது வாளி இடுப்பளவுக்கு வந்திருந்தது. யாரும் தொடவில்லை. அவ்வளவு நேரமும் எங்களோடு சேர்ந்து இறங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. முன்னால் போன எருமை நின்று, வாளிக்குள் தலையை விட்டு ஒரு வாய் கதிரை இழுத்தது.

மச்சான் கம்பை ஓங்கினான்.

"விடுடா. அதுகள்ர தோல்தானே வாளியைத் தூக்கிற" என்றார் மாமி.

வாளியில் இருந்த கட்டுகளையும் மிதித்தோம். பொழுது படுமுன் நெல்லைக் குவித்து, தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடி, ஓரங்களில் கல் வைத்தோம். கடைசிக் கல்லை வைக்கும்போது முதல் துளி படங்கில் விழுந்தது. மாமி என் முகத்தைப் பார்த்தார்.

"எப்பிடி மருமகன்?"

"பொலி" என்றேன்.

மழை வாவி முழுவதையும் மூடியது. படங்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன். நெல் காய்ந்திருந்தது. வாளி இப்போது தரையைத் தொட்டிருந்தது. அதற்குள் தண்ணீர் நிறையும் சத்தம் வீடு போகும் வழியெல்லாம் கேட்டது போல இருந்தது.

பாதை ஓடத் தொடங்கி டீசல் வந்ததும், வாளியை நெம்பித் தூக்கிக் கட்டி, எருமைகளைப் பூட்டி மெசினைக் குளக்கட்டுக்கு இழுத்துப் போனோம். வழியில் கண்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டீசல் குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டுக் கல்லை இழுத்தேன். உருண்டது. பிடித்தது.

அதன் பிறகு சூடு மிதிக்கும்போதெல்லாம் வாளியில் ஒரு கட்டு விட்டுவைப்பேன். மச்சான் ஏன் என்று கேட்டான்.

"அது இறங்கி வந்தா எருமை தின்னும்" என்றேன்.