பெருநாளுக்குப் பின் அளந்த கிடாய்கள்

ஓர் ஆட்டினத்தைப் பற்றி நான் பொய் எழுதினேன். தெரிந்தே எழுதினேன்.

கிண்ணியாவின் உப்புநீர்க் களப்போரம் மேயும் குட்டையான கறுத்த ஆடு அருகிவருவதைக் கொழும்பில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். அதைக் காப்பதற்காக அளந்து எழுதும்படி, ஓய்வுபெற்ற மிருக வைத்தியரான என்னைக் கேட்டார்கள். அந்த ஆடுகளை வளர்க்கும் பட்டிக்காரி முதலிலேயே சொன்னாள்:

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னம் வாங்க டொக்டர். பிறகு கிடாய் இரிக்காது."

"ஆடு எங்க தங்கச்சி ஓடப்போகுது?" என்றேன்.

அலுவலகத்தின் குளிரூட்டிய வாகனம் வரும்வரை என் லிங்கநகர் வீட்டை விட்டு அசையவில்லை. அது வந்தபோது பெருநாள் முடிந்திருந்தது. பெருநாளுக்கு அறுக்கும் குர்பானுக்கு ஊனமில்லாத, வயது வந்த ஆடுதான் ஆகும்; கிடாயையே தேடி வாங்குவார்கள். நல்லவை எல்லாம் போய், குட்டிகளும் காது கிழிந்த ஒன்றும் மிஞ்சியிருந்தன. குட்டிகளின் வாயைத் திறந்து பார்த்தேன், பாற்பல். "வளர்ந்த கிடாய்" என்று எழுதினேன். கிழிந்த காதைக் "குட்டைக் காது" ஆக்கினேன். இனம் நலிந்துவிட்டது, வெளியினக் கிடாய் விட்டு மேம்படுத்தலாம் என்று முடித்தேன். காக்கப் போனவனின் சிபாரிசு அது. அதைப் பாராட்டிக் கூட்டம் வைத்து ஆட்டிறைச்சிச் சோறும் போட்டார்கள். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அவளுடைய பட்டிக்கும் வெளியினப் பெரிய கிடாய் வந்தது. வயிற்றில் வளர்ந்த அதன் பெரிய குட்டிகளைச் சிறிய ஆடுகள் தாங்கவில்லை. நல்ல ஆடுகள் இரண்டு ஈன முடியாமல் செத்தன. ஒன்றுக்கு நானே கைவிட்டு இழுத்தேன். தாயும் மிஞ்சவில்லை, குட்டியும் மிஞ்சவில்லை.

"உங்கட கிடாயைக் கொண்டு போங்க" என்றாள்.

கொண்டுபோனேன். அலுவலகத்தில் உண்மையை எழுதிக் கொடுத்தேன். "சுவரொட்டி அடிச்சாச்சு சேர்" என்று தேத்தண்ணி தந்து அனுப்பினார்கள். காது கிழிந்த அந்தக் கிடாய் இன்றும் அங்கே சுவரில் இனத்தின் இலட்சணமாக நிற்கிறது.

அடுத்த பெருநாளுக்கு முன் பஸ்ஸில் போனேன். நான் பாற்பல் பார்த்த குட்டியொன்று நெஞ்சகன்ற கிடாயாகியிருந்தது. மற்றக் குட்டிகள் விற்றுப்போய், காது கிழிந்ததும் கிழடாகி, பட்டியில் இனம் பெருக்க இதுமட்டுமே மீதி.

"எனக்கு வித்துப்போடுங்க தங்கச்சி. அறுக்காமல் வளர்ப்பன்."

"நீங்களா? வாகனம் வாற வரைக்கும் அதுக்கு ஆர் தண்ணி வெக்கிற?"

பிறகு அதன் தலையைத் திருப்பிக் காட்டினாள். இடது காதின் நுனியில் ஒரு துண்டு இல்லை, காயம் ஆறியிருந்தது.

"நான்தான் வெட்டின. இனிக் குர்பானுக்கு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. நீங்க எழுதின மாதிரியே ஆக்கிட்டன்."

அளவுநாடாவை எடுத்தேன்.

"முழுசா இரிக்கிற காதை அளங்க டொக்டர்" என்றாள்.